தண்ணீரில் இறங்கும் முன்

கடைக்குள் நுழைகிறவர்களின் முகத்தை அவர் முதலில் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. முதுகைத்தான் பார்ப்பார். ஆள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, கத்திகள் வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியைத் தாண்டி, டென்ட் பக்கம் திரும்பும் வரைக்கும் காத்திருப்பார். திரும்பியதும் கழுத்துக்குக் கீழே ஒரு பார்வை, இடுப்பில் ஒரு பார்வை. "பதினெட்டு இஞ்ச்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்வார். பிறகு டேப்பை வைத்து முதுகின் நீளத்தை அளந்தால் பதினெட்டுதான் இருக்கும். தப்பினால் அரை இஞ்ச்.

அமீரகத்தில், அல் ஐன் என்ற ஊரில் ஒரு வேட்டை சாமான் கடையில் நாங்கள் இருவரும் ஆறு வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். பாலைவனத்தில் என்ன வேட்டை என்று ஊரில் கேட்பார்கள். அங்கே சுட முடியாதுதான். ஆனால் வசதியுள்ள அரபிகள் வருடா வருடம் கூட்டாளிகளோடு கிளம்பி கிர்கிஸ்தான் பக்கம் மலையாடு சுடப் போவார்கள். வண்டி போகாத மலை. கொஞ்ச தூரம் குதிரை, மீதி நடை. ஐந்து நாள், ஏழு நாள் மலையிலேயே கிடக்க வேண்டும். கூடாரம், சாப்பாடு, துப்பாக்கி, திரும்பும்போது இறைச்சி, எல்லாம் முதுகில். அதற்கான பைகள் எங்கள் கடையில் ஒரு சுவர் முழுக்கத் தொங்கின. அந்தச் சுவர் அவருடையது. எனக்கு டென்டும் அடுப்பும்.

இருவருமே நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தோம். அவர் சிவகங்கை, நான் புதுக்கோட்டை. நான் அவரை அண்ணே என்பேன், அவரும் என்னை அண்ணே என்பார். ரூமிலும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். கடைக்கு வரும் அரபிகளுக்கு அவர் பெயர் வாயில் நுழையாது. 'அபு ஷந்தா' என்பார்கள். பைக்காரர் என்று வைத்துக்கொள்ளலாம். "அபு ஷந்தா எங்கே?" என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். பக்கத்தில் நான் நிற்பது கண்ணில் படாது. அது எனக்கு உறுத்தும். இப்போது சொல்வதற்கென்ன, நன்றாகவே உறுத்தும்.

அவர் பனி மலையைக் கண்ணால் பார்த்ததில்லை. துப்பாக்கியைத் தொட்டதில்லை. கோழியைத் தவிர வேறு கறி சாப்பிட மாட்டார். பைகளைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அத்தனையும் பைக்குள் வரும் துண்டுச் சீட்டுகளைப் படித்துத் தெரிந்துகொண்டது. அதற்கு மேல், மலைக்குப் போய்த் திரும்பி வந்தவர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டது. ஆடு கிடைத்ததா, எத்தனை கிடைத்தது என்றெல்லாம் விசாரிக்க மாட்டார். ஒரே கேள்விதான். "எங்க வலிச்சுது?" தோள் என்றால் ஒரு மாதிரி முகம் மாறும். இடுப்பு என்றால் தலையை ஆட்டுவார். பாரம் முழுக்க இடுப்பில் உட்கார வேண்டும், தோள்பட்டை சும்மா பையைப் பிடித்துக்கொண்டிருக்க மட்டும்தான் என்பது அவர் கணக்கு.

அரிசிச் சாக்கைக் கிழித்துத் தைத்து, மணல் நிரப்பி, பத்துக் கிலோவில் மூன்று மூட்டை வைத்திருந்தார். யாராக இருந்தாலும் பைக்குள் மணலை ஏற்றி, மாடி ஸ்டோருக்குப் போகும் இரும்புப் படியில் இரண்டு தடவை ஏற்றி இறக்காமல் பில் போட விட மாட்டார். ஒரு முறை ஒரு பெரிய கான்ட்ராக்டர் வந்தார். ஆள் வாட்டசாட்டம். சுவரில் இருந்ததிலேயே பெரிய பையைக் காட்டி அதை எடு என்றார். இவர் எடுக்கவில்லை.

"மாஃபி ஜெயின் அர்பாப். நல்லா இல்ல மொதலாளி, இது வேணாம்."

"காசு நான் கொடுக்கிறேன். நீ ஏன் வேணாம் என்கிறாய்?"

"எத்தன நாள்?"

"நாலு நாள்."

"நாலு நாளைக்கு இது ரெண்டு மடங்கு. இத விடச் சின்னது எடுங்க."

கான்ட்ராக்டர் நேரே மேனேஜரிடம் போய்விட்டார். மேனேஜர் திருச்சூர்க்காரர். வெளியே வந்து எல்லோர் முன்னாலும் இவரைத் திட்டினார். பெரிய பை பில் ஆகிப் போனது. அன்று சாயங்காலம் ரூமில் சாம்பாருக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்: "பெரிய பை வாங்குனா அத ரொப்பாம இருக்க மாட்டாங்கண்ணே. காலியா எடம் கெடக்குறதப் பாத்தா மனுசனுக்குப் பொறுக்காது. ரொப்பிட்டு, அப்புறம் தூக்க முடியலம்பாங்க."

அடுத்த சீசனுக்கு அதே கான்ட்ராக்டர் வந்தார். அபு ஷந்தாவைக் கூப்பிடு என்றார். இவர் போய் நின்றதும் சட்டைக் காலரை இழுத்துத் தோளில் இருந்த தழும்பைக் காட்டினார். இவர் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. டேப்பை எடுத்தார்.

ரோட்டிலும் அவர் அப்படித்தான். கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது முன்னால் நிற்கிறவனின் பை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் அவருக்கு நிலைகொள்ளாது. தட்டிக் கூப்பிட்டு வாரைச் சரிசெய்துவிடுவார். பாகிஸ்தான் பட்டாணியர்கள் சிரிப்பார்கள். ஒரு தடவை ஒரு ஃபிலிப்பைன் பையன் திருடன் என்று நினைத்துக் கையைத் தட்டிவிட்டான். அன்றைக்கும் மறுநாளும் கொஞ்சம் சும்மா இருந்தார், அவ்வளவுதான்.

தண்ணீர் விஷயம் நடுவில்தான் வந்து சேர்ந்தது. ஒரு வெள்ளைக்காரர் மலையிலிருந்து திரும்பி வந்து, ஓடையைக் கடக்கும்போது வழுக்கி விழுந்ததைச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். இடுப்பு பெல்ட் பூட்டியே இருந்ததாம். பை தண்ணீரைக் குடித்துக்கொண்டு ஆளைக் குப்புற அமுக்கியதாம். குளிரில் விரல் மரத்துப்போய்க் கொக்கியைக் கழற்ற வரவில்லையாம். கூட வந்தவர் கத்தியால் பெல்ட்டை அறுத்து இழுத்துப் போட்டாராம். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். இவர் மட்டும் சிரிக்காமல், இன்னொரு தடவை முதலிலிருந்து சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து எந்தப் பையும் அந்த வார்த்தை இல்லாமல் கடையை விட்டு வெளியே போகவில்லை. தண்ணீரில் கால் வைப்பதற்கு முன்னால் இடுப்பு பெல்ட்டையும் நெஞ்சு வாரையும் கழற்றிவிட வேண்டும். விழுந்தால் பை தானாகப் போய்விடும், ஆள் தப்பிப்பார். அரபியில் சொல்வார், இந்தியில் சொல்வார், தெரிந்த இங்கிலீஷில் சொல்வார். சொல்லிவிட்டு அவர்கள் வாயால் திருப்பிச் சொல்ல வைப்பார். கொஞ்ச நாள் ஒரு பக்கெட்டில் ஐஸ் போட்டு வைத்து, அதில் கையை முக்கிவிட்டு ஒற்றைக் கையால் கொக்கியைக் கழற்றச் சொன்னார். மேனேஜர் பார்த்துவிட்டு பக்கெட்டைத் தூக்கிப் போனார். ஒரு தடவை நாங்கள் விடுமுறையில் போயிருந்த நேரம் எங்கள் கடைப் பெங்காலி ஒருவன் இரண்டு பைகளை விற்றிருந்தான். இவர் வந்து பில்லில் இருந்த நம்பர்களைத் தேடிப் பிடித்து, இரண்டு பேருக்கும் போன் போட்டுச் சொன்ன பிறகுதான் டீ குடித்தார்.

அல் ஐனில் வருடத்துக்கு நாலு நாள் மழை பெய்தால் அதிகம். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு ஆற்றைக் கடப்பதற்குப் பாடம் எடுக்கிறாரே என்று எங்களுக்கு வேடிக்கை. ரூமில் நான் அவரைப் போலவே செய்து காட்டுவேன். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையை ஆட்டி ஆட்டி, "அர்பாப், மாயி, மாயி" என்பேன். மாயி என்றால் தண்ணீர். ரூமே சிரிக்கும். அவரும் சிரிப்பார். "சிரிங்க. சிரிச்சாலும் மனசுல நிக்கும்ல" என்பார்.

அந்த நாள் காலையில் விசா புதுப்பிக்க மெடிக்கலுக்குப் போயிருந்தார். பதினொரு மணி இருக்கும். ஒரு பையன் உள்ளே வந்தான். இருபத்தைந்து வயது இருக்கலாம். மறுநாள் விமானம், ஏழு நாள் மலை, பை வேண்டும் என்றான். வெளியே வண்டியில் கூட்டாளிகள். வண்டியை அணைக்கவில்லை. "அபு ஷந்தா இல்லையா?" என்று கேட்டான். நான் இருக்கிறேன் என்றேன்.

நான் வேலையைச் சரியாகத்தான் செய்தேன். அதை இன்றைக்கும் சொல்வேன். முதுகை அளந்தேன். ஏழு நாளைக்குச் சரியான பையை எடுத்தேன். மணல் ஏற்றினேன். இரண்டு தடவை படி ஏறி இறங்கினான். இடுப்பில் கச்சிதமாக உட்கார்ந்தது. அவன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். இனி அந்தத் தண்ணீர் வார்த்தை மட்டும்தான். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. எத்தனை தடவை துண்டைக் கட்டிக்கொண்டு சொல்லிச் சிரிக்க வைத்த வார்த்தை அது. அதையே உண்மையாகச் சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்துவிடும் போல இருந்தது. இன்னொன்றும் உண்டு. அவருடைய வார்த்தை இல்லாமல் ஒரு பையை நான் விற்றுக் காட்ட வேண்டும் என்று இருந்தது. வெளியே ஹார்ன் அடித்தார்கள். "கலாஸ், கலாஸ்", போதும் போதும் என்று சொல்லிக்கொண்டு பையைத் தோளில் மாட்டியபடியே ஓடினான்.

அவர் இரண்டு மணிக்கு வந்தார். ஊசி போட்ட இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டே சுவரில் இருந்த காலி இடத்தைப் பார்த்தார்.

"பச்சப் பை போயிருச்சா?"

"போயிருச்சுண்ணே. ஒரு லோக்கல் பையன். பத்தொம்பது இஞ்ச்."

"தண்ணி விசயம் சொன்னீங்களா?"

"சொன்னேண்ணே."

அவ்வளவுதான் நடந்தது. அந்த நேரத்தில் அது ஒரு பொய்யாகவே எனக்குத் தோன்றவில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்டால் சாப்பிட்டேன் என்று சொல்வதில்லையா, அப்படி. இல்லை என்று சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே பில்லைப் பார்த்துப் போன் போட்டிருப்பார். பையன் ஊரில்தான் இருந்தான். மறுநாள் சாயங்காலம் வரை இருந்தான்.

இரண்டு வாரம் கழித்து அவனுடைய அண்ணன் கடைக்கு வந்தார். கையில் அந்தப் பச்சைப் பை. சேறு காய்ந்து வெள்ளையாக இருந்தது. இடுப்பு பெல்ட் நடுவில் கத்தியால் அறுபட்டிருந்தது. கவுன்டரில் வைத்தார். சத்தம் போடவில்லை. பனி உருகி ஓடும் ஓடை, முழங்கால் அளவுதான் இருக்கும் என்று இறங்கினார்களாம். இவன் வழுக்கினான். இழுத்துப் போடுவதற்குள் முடிந்துவிட்டது. பெல்ட் பூட்டியிருந்தது என்று கூட்டாளிகள் சொன்னார்களாம். வழிகாட்டியாக வந்த கிர்கிஸ் ஆள், தண்ணீரில் இறங்கும்போது அதைக் கழற்ற வேண்டும் என்று உங்களுக்கு யாருமே சொல்லவில்லையா என்று அழுதானாம்.

"நான் சண்டைக்கு வரவில்லை. எனக்குத் தெரிய வேண்டும். அவனுக்கு யாராவது சொன்னார்களா?"

கவுன்டருக்குள் என்னோடு நின்றிருந்த அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்வையில் சந்தேகம் இல்லை. எடுத்து வைத்த பொருள் அந்த இடத்தில்தான் இருக்கும் என்று தெரிந்து திரும்பிப் பார்ப்பது போலப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் கவுன்டரைச் சுற்றிக்கொண்டு போய் அந்த மனிதரின் முன்னால் நின்றார்.

"சொன்னோம் அர்பாப். வல்லா, சொன்னோம். சொல்லாம ஒரு பையும் இந்தக் கடைய விட்டுப் போகாது."

வல்லா என்பது சத்தியம். அதற்கு முன் அவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அண்ணன்காரர் கொஞ்ச நேரம் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பாவும் அதைத்தான் சொல்கிறார். யார் சொன்னாலும் கேட்க மாட்டான், அவனே தேடிக்கொண்டான் என்கிறார். நான்தான் நம்பவில்லை" என்றார். பையை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

நான் ஏன் அப்போதே வாயைத் திறக்கவில்லை என்றால், பயம். கேஸ், போலீஸ், பாஸ்போர்ட், ஊரில் இரண்டு பிள்ளைகள் என்று என்னென்னவோ தலைக்குள் ஓடியது. ஒரு வாரம் போனது. ஒரு மாதம் போனது. யாரும் வரவில்லை. பயம் போன பிறகும் நான் சொல்லவில்லை. அதற்கு என்னிடம் காரணம் இல்லை.

அவர் மாறிப்போனார். முதலில் தண்ணீர் வார்த்தையை விட்டார். ஒரு சூடானி பை வாங்கிக்கொண்டு கதவைத் தாண்டும் வரைக்கும் பார்த்தேன், இவர் வாயே திறக்கவில்லை. மனசு கேட்காமல் நானே ஓடிப் போய் அந்த ஆளிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

"எதுக்குண்ணே ஓடுறீங்க?" என்றார். "நீங்கதான் அன்னைக்கு அந்தப் பயகிட்டச் சொன்னீங்கள்ல. முழுசாச் சொன்னீங்கள்ல. கேட்டானா? பூட்டிக்கிட்டேதான எறங்கியிருக்கான். அத்தன வருசமும் சொல்றது உள்ள போகுதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். போகல. ஒருத்தனுக்கும் போகல. தலைய ஆட்டிட்டுப் போயிருக்காங்ய."

"அப்படி இல்லண்ணே" என்றேன்.

பிறகு படி ஏற்றுவதை விட்டார். பிறகு டேப்பை விட்டார். எந்தப் பையைக் காட்டுகிறார்களோ அதை எடுத்துக் கொடுத்தார். பெரிய பையைக் காட்டினால் பெரிய பை. மேனேஜருக்குச் சந்தோஷம், இப்போதுதான் வியாபாரம் செய்யக் கற்றுக்கொண்டான் என்றார். மணல் மூட்டைகள் ஸ்டோரில் ஒரு மூலையில் கிடந்து ஒழுகின. பஸ்ஸுக்கு நிற்கும்போது முன்னால் ஒருவன் பை வார் அறுந்து தரையில் இழுபட நின்றான். இவர் செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சமையல் முறை எங்கள் இருவருக்கும் வியாழக்கிழமை. அவர் பருப்பைக் கடைந்துகொண்டிருக்கும்போது இரண்டு தடவை, "அண்ணே, ஒரு விசயம்" என்று ஆரம்பித்தேன். நிமிர்ந்து பார்த்தார். ஒரு தடவை புளி தீர்ந்துவிட்டது என்றேன். இன்னொரு தடவை என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. அந்த வருடக் கடைசியில் ருவைஸில் ஒரு பிளான்ட்டுக்கு டூல் ஸ்டோர் வேலை என்று போய்விட்டார். கடையை இரண்டு வருடத்தில் மூடினார்கள். நான் அபுதாபியில் தார்ப்பாய் விற்கும் கம்பெனிக்கு வந்து சேர்ந்தேன்.

போன வருடம் ருவைஸுக்கு ஒரு டெலிவரிக்குப் போனபோது அவரைப் பார்த்தேன். ஸ்டோர் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தார். முடி முக்கால்வாசி வெளுத்திருந்தது. உயரத்தில் ஏறி வேலை பார்க்கிறவர்களுக்கு இடுப்பிலும் தொடையிலும் பூட்டிக்கொள்ளும் பெல்ட்டுகளைக் கொடுப்பதுதான் வேலை. டோக்கனை வாங்குவார், பெல்ட்டைத் தள்ளுவார். ஒரு நேபாளிப் பையன் அவர் கண் முன்னாலேயே தொடை வாரை முறுக்கலாக மாட்டினான். நான் அவரைப் பார்த்தேன். அவரும் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு அடுத்த டோக்கனுக்குக் கையை நீட்டினார்.

நான் அந்தப் பையனைக் கூப்பிட்டு முறுக்கை எடுத்துவிட்டேன். டீ பிரேக்கில் அவர் வெளியே வந்ததும், நலம் விசாரிக்கும் முன்னால் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, அன்னைக்கு நான் அந்தப் பையன்கிட்ட தண்ணி விசயம் சொல்லல. சொன்னேன்னு உங்ககிட்டப் பொய் சொன்னேன்."

அவர் டீயைக் கீழே வைக்கவில்லை. என்னைத் திட்டுவார், அடிப்பார், எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் இருந்தேன். அவரோ நான் அங்கே இருப்பதையே மறந்தவர் போல இருந்தார்.

"அவங்க அண்ணன்கிட்ட வல்லான்னு சொன்னேனே" என்றார்.

"என்ன நம்பித்தானண்ணே சொன்னீங்க."

"நான் சொன்னேன்ல. என் வாயாலதான சொன்னேன்." டீயை மண்ணில் ஊற்றினார். "அவங்க அப்பா பய மேலயே பழியப் போட்டுட்டாருன்னு அந்த ஆளு சொன்னாருல்ல. அது சரிதான்னு நான் போய் முத்திர குத்தி அனுப்பியிருக்கேன். அவங்க வீடு எங்கண்ணே? பில்லு எங்க இருக்கும்?"

பில் எங்கே இருக்கும், கடையே இல்லை என்றேன். பிரேக் முடிந்து மணி அடித்தது. திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

வாரத்தில் ஒரு நாள் லீவு. ருவைஸிலிருந்து அபுதாபி, அங்கிருந்து அல் ஐன், பஸ்ஸில் ஒரு பக்கத்துக்கே ஐந்து மணி நேரத்துக்கு மேல். மூன்று வாரம் போயிருக்கிறார். மலையாளிகளின் பலசரக்குக் கடைகளில் விசாரித்திருக்கிறார், பள்ளிவாசல் வாசலில் நின்று விசாரித்திருக்கிறார். மலைக்கு வேட்டைக்குப் போய்த் தண்ணீரில் இறந்த பையன் வீடு எது என்று. இதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மூன்றாவது வாரம், அல் ஐன் பஸ் ஸ்டாண்டிலிருந்து மதியம் போன் செய்தார்.

"கண்டுபிடிச்சுட்டேண்ணே. அவங்க அண்ணன்தான் கதவத் தொறந்தாரு. மொதல்ல அடையாளம் தெரியல. அபு ஷந்தான்னதும் தெரிஞ்சுக்கிட்டாரு. அன்னைக்கு நான் சொன்னது பொய்யி, ஒங்க தம்பிக்கு யாரும் சொல்லல, அவன் மேல தப்பில்லன்னு சொன்னேன்."

அப்போது நான் கேட்ட கேள்வியை எழுதாமல் விட்டால் இதையெல்லாம் எழுதியதற்கே அர்த்தமில்லை.

"என் பேரச் சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"சொல்லல. கடையில சொல்லலன்னுதான் சொன்னேன். அவரு யாருன்னு கேக்கவும் இல்ல." பிறகு சொன்னார்: "அவங்க அப்பா போன ரம்ஜானுக்கு முன்னாடி தவறிட்டாராம். கடைசி வரைக்கும் அந்தப் பய பேர வீட்ல எடுக்க விடலயாம். அடக்கம் பண்ணுன கபுருக்குக்கூட ஒரு தடவ போகலயாம். இத வந்து ஒரு வருசத்துக்கு முன்னால சொல்லியிருக்கலாமேன்னாரு. தண்ணி வேணுமான்னு கேட்டாரு. வேண்டாம்னேன். கதவச் சாத்திட்டாரு."

"அண்ணே…"

"பஸ்ஸு எடுக்கப் போறான். வச்சுர்றேன். நீங்க இனிமே எனக்குக் கூப்பிடாதீங்கண்ணே."

நான்கு மாதம் கூப்பிடவில்லை. பிறகு ஒரு நாள் கூப்பிட்டேன். அந்த நம்பரை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள் போல, ஒரு பெங்காலி எடுத்தார். ராங் நம்பர் என்றார். மறுபடி போட்டேன். யார் வேண்டும் என்று இந்தியில் பொறுமையாகக் கேட்டார். பெயரைச் சொன்னேன். யாரிடமோ திரும்பிக் கேட்பது கேட்டது. பிறகு வந்து, "மாஃபி, பாய்", அப்படி யாரும் இல்லை என்று சொல்லிவிட்டு வைத்தார்.